கிணற்றடியிலிருந்து பதினேழு அடி

மகன், நீ கொழும்பில் வந்திறங்கிப் போட்ட கடிதமும் அதோடு நீ வைத்திருந்த பட்டியலும் சனிக்கிழமை பின்னேரம் கைக்கு வந்து சேர்ந்தன. கடிதத்தை ஒரு தரமும் பட்டியலை மூன்று தரமும் வாசித்தேன். முதல் தரம் வாசித்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாணத்தன்று காலையில், மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் படம் எடுக்க முன்னம், உங்கள் சாமான்களை எல்லாம் யன்னலடியில் ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி வைத்து அந்தக் கொழும்புப் படக்காரர் தனித்தனியாகப் படம் எடுப்பாராம். மோதிரத்துக்கு ஒரு படம், தாலிக்கு ஒரு படம், அழைப்பிதழுக்கு ஒரு படம், வாசனைப் போத்தலுக்கு ஒரு படம். சப்பாத்துக்குமா ராசா? நானும் உன் அம்மாவும் கல்யாணம் முடித்தபோது மன்னார் டவுனிலிருந்து வந்த ஸ்டூடியோக்காரர் மொத்தமாக ஒரேயொரு படம்தான் எடுத்தார். அதிலும் நான் கண்ணை மூடிவிட்டேன். வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லியே அவள் என்னைப் பகிடி பண்ணினாள்.

சிரித்தாலும், பட்டியலில் என் பக்கம் இருந்ததை எல்லாம் ஒன்றும் விடாமல் செய்து முடித்துவிட்டேன். புதுத் தாலியைச் சவர்க்காரத் தண்ணீரில் பழைய பல் தூரிகையால் மெல்லத் தேய்த்துக் கழுவி, வெயில் படாமல் உலர்த்தி, பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். அழைப்பிதழில் இரண்டு பிரதி வேண்டும், மூலை மடங்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். அவற்றைக் கோயில் கலண்டரின் தடித்த மட்டைக்குள் வைத்து, அதன் மேல் அரிக்கன் லாம்பைத் தூக்கி வைத்திருக்கிறேன். கூறைச் சேலையை மடிப்புக் கலையாமல் பழைய வேட்டியில் பொதிந்தாயிற்று. உன் பக்கத்தையும் நீ கவனி. சப்பாத்தின் அடியில் விலைத் துண்டு ஒட்டியிருந்தால் உரித்துவிடு. மோதிரத்தைத் துடைத்த பிறகு வெறும் விரலால் தொடாதே, ரேகை படும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, நம்பிக்கையான ஓர் ஆளிடம் கொடுத்து வைக்கச் சொல்லி அந்த மனுசன் எழுதியிருக்கிறாரே, அந்த வரியில்தான் என் சிரிப்பு நின்றது.

அதற்குக் கீழே இருந்த கடைசி வரியில் நான் கனநேரம் நின்றேன். பெற்றோரின் கல்யாணப் பொருள் ஏதாவது ஒன்று. அதன் பக்கத்தில் நீ உன் கையால் எழுதியிருக்கிறாய்: ‘அம்மாவின்ர தாலிக்கொடியையும் மோதிரங்களையும் சூசை மாமா கொண்டுபோயிட்டார்தானே அப்பா. அவவின்ர செபப் புத்தகம் இருந்தால் அதையே கொண்டு வாங்கோ, போதும். மாமாவுக்குக் கார்ட் அனுப்பவேண்டாம்.’ மாமாவுக்குக் கார்ட் அனுப்பவேண்டாம் என்று எவ்வளவு சுலபமாக எழுதியிருக்கிறாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, மகன். அப்படி எழுத உனக்குப் பழக்கிவிட்டவன் நான். கல்யாணத்துக்கு முன் இதை உனக்குச் சொல்லாவிட்டால் நான் உன் பக்கத்தில் நின்று ஆசீர்வாதம் தர லாயக்கில்லாதவன். ஆகவே இருந்து, ஆறுதலாக வாசி.

சூசை உன் அம்மாவின் ஒரேயொரு தம்பி. மேசன். எங்கள் கல்யாணத்தில் எனக்குத் தோழனாக நின்றவன் அவன்தான். தாலியும் கூறையும் மோதிரங்களும் வைத்த தட்டத்தைப் பங்குச் சுவாமி மந்திரிக்கும்வரை பீடத்தடியில் ஏந்திக்கொண்டு நின்றவனும் அவன்தான். எனக்கு அவனில் நல்ல பிரியம். ஆனால் ஒரு கடற்காரனுக்குத் தரைக்காரனைப் பார்த்தால் வருகிற ஒரு இளக்காரமும் இருந்தது. எதற்கெடுத்தாலும் நூலும் மட்டமும் பிடித்து அளப்பான். உன் அம்மா அடுப்புக் கட்டக் கேட்டாலும் அளந்துதான் கட்டுவான். நான் அவனைப் பார்த்து, சோறு தின்னவும் டேப் வைத்துத்தான் அளப்பாயோ என்று கேட்பேன். அவன் சிரித்துவிட்டு அளந்துகொண்டே இருப்பான்.

நாங்கள் இந்தியாவுக்கு வள்ளம் ஏறின நாள் உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. உனக்கு எட்டு வயது. இரண்டு நாளாக மன்னார்த் தீவில் செல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஊரில் பாதிப் பேர் கோயிலில், மீதிப் பேர் கரையில் வள்ளத்துக்குக் காத்திருந்தார்கள். போகிற வழியில் கடலில் நிறுத்தி நகையைக் கழற்றுகிறார்கள் என்று கதை பரவியிருந்தது. நான் உன் அம்மாவிடம் கொடியைக் கழற்றித் தரச் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். அது கழுத்தில் கிடந்தால்தான் தனக்குத் தைரியம், சட்டைக்குள் விட்டுச் சேலையால் மூடிக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள். நான் கத்தினேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும், அது உனக்கும் தெரியும். அவள் கழற்றித் தந்தாள். கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாதென்று கறுப்பு நூலில் ஒரு மாதா பதக்கத்தைக் கோர்த்துக் கட்டிக்கொண்டாள்.

ஒரு பால்மா டின்னில் கொடி, மோதிரங்கள் இரண்டு, அந்த ஒரேயொரு கல்யாணப் படம், எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றிப் போட்டு மூடியைச் சுற்றி மெழுகுதிரியை உருக்கி விட்டேன். மத்தியான வெயிலில் நானும் சூசையும் வீட்டுக்குப் பின்னாலிருந்த பனைவெளியில் குழி தோண்டினோம். நீ அங்கே நுங்குக் கோம்பையை உருட்டிக்கொண்டு திரிந்தாய். டின்னை இறக்கி மண்ணை மூடியதும் நான் நிமிர்ந்து நின்று அடையாளம் பிடித்தேன். கடலில் நல்ல மீன்பாறையை மறக்காமல் இருக்க நாங்கள் என்ன செய்வோம்? கரையில் தெரிகிற இரண்டு பொருளை ஒன்றன் பின் ஒன்றாக ஒரே கோட்டில் பார்ப்போம். இன்னொரு பக்கத்தில் வேறு இரண்டைப் பார்ப்போம். இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் பாறை. அதைப்போல, கோயில் மணிக்கோபுரத்துக்கு நேரே நின்ற நெட்டைப் பனை ஒன்று, கரையிலிருந்த எங்கள் மீன்வாடிக்கு நேரே சரிந்து நின்ற பனை ஒன்று. அவ்வளவுதான், என் தலைக்குள் பதிந்துவிட்டது.

சூசை திருப்திப்படவில்லை. இடுப்பிலிருந்த டேப்பை இழுத்துக்கொண்டு கிணற்றின் கப்பித் தூணடிக்குப் போய் அளந்துவிட்டு வந்தான்.

“அத்தான், கப்பித் தூணில இருந்து கோயிலைப் பார்த்து நேர பதினேழு அடி. மனதில வச்சுக்கொள்ளுங்கோ. பனை நாளைக்கு நிக்குமோ தெரியாது, கிணறு எங்கையும் போகாது.”

நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன். நடுக்கடலில் ஒரு முழம் பிசகாமல் வலை இறக்குகிறவனுக்குச் சொந்த வளவில் அளந்து காட்டுகிறாயோ என்று கேட்டேன். உன் அம்மா கிணற்றடியில் நின்று இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று பொழுதுபட முன்னம் நாங்கள் மூவரும் வள்ளம் ஏறினோம். வயசான தாயை விட்டுவர முடியாமல் சூசை அடைக்கலம் தேடி மடு மாதா கோயிலுக்குப் போனான், பிறகு முருங்கனில் போய் இருந்தான்.

மண்டபம் முகாமில் நான்கு வருசம். அரிசி வரிசையில் நிற்கும்போது வேறு ஊர்ப் பெண்கள் உன் அம்மாவின் கழுத்தைப் பார்த்துவிட்டு, புருசன் இல்லையோ பிள்ளை என்று இரக்கமாகக் கேட்பார்களாம். அவள் அந்த நூலை வெளியே இழுத்துப் பதக்கத்தைக் காட்டி, இருக்கிறார், அந்தா விறகு வெட்டிக்கொண்டு நிக்கிறார் என்று என்னைச் சுட்டுவாளாம். இதைச் சிரித்துச் சிரித்துத்தான் எனக்குச் சொல்வாள். நான் உயிரோடு இருக்கவே அவளை அப்படி நிற்க வைத்தேனே என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஊருக்குப் போனதும் எடுத்துத் தருவேன், எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்தபோது பனை ஒன்றுகூட இல்லை. ஆமிக்காரர் காவலரண் போடத் தறித்துவிட்டார்கள். எங்கள் வளவில் மட்டுமல்ல, கரை நெடுகிலும் அடிக்கட்டைதான். அதையும் சோளகக் காற்று மணல் போட்டு மூடியிருந்தது. வாடி எரிந்துபோயிற்று. கோபுரம் மட்டும் நின்றது. ஒரு அடையாளத்தை வைத்து நான் எந்தக் கோட்டை வெட்டுவது? மணலைக் கிளறி ஒரு அடிக்கட்டையைக் கண்டுபிடித்து, இதுதான் என் நெட்டைப் பனை என்று நானே முடிவு கட்டினேன். மூன்று கிழமை தோண்டினேன். நீயும் பள்ளிக்கூடம் விட்டு வந்து மண் அள்ளினாய். உள்ளங்கை கொப்பளித்ததை எனக்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தாய்.

உன் அம்மா ஒரு நாள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, “தம்பி சொன்ன மாதிரி ஒருக்கா கிணத்தடியில இருந்து அளந்து பாருங்கோவன்” என்றாள். நான் தேத்தண்ணியை மணலில் ஊற்றினேன். என் அடையாளம் பிழைக்காது, சாமான் இல்லையென்றால் எவனோ எடுத்துவிட்டான் என்று சொன்னேன். அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எவன் என்ற யோசனை வந்தது. எங்களைத் தவிர இடம் தெரிந்தவன் ஒருவன்தான். அவன் முருங்கனில் கல்வீடு கட்டியிருக்கிறான் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். மேசன் தனக்கு ஒரு வீடு கட்டாமல் வேறு யார் கட்டுவான்? ஆனால் கோபக்காரனுக்கு அந்தக் கணக்கெல்லாம் வராது, மகன்.

ஆமிக்காரரிடம் பயணப் பாஸ் எடுத்துக்கொண்டு உன் அம்மாவையும் உன்னையும் கூட்டிக்கொண்டு முருங்கனுக்குப் போனேன். எங்களைக் கண்டதும் அவன் சாந்துக் கையோடு ஓடி வந்தான். நான்கு வருசத்துக்குப் பிறகு அக்காவைக் காண்கிறான். நான் அவனைப் படலையிலேயே மறித்து, ரோட்டில் போகிற சனம் நின்று பார்க்க, அக்காவின் கழுத்து நகையில்தான் இந்தச் சுவர் எழும்பியதோ என்று கேட்டேன். அவனுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியபோது முகம் செத்துப்போயிற்று.

“அத்தான், நான் எடுக்கேல்லை. வாங்கோ, இப்பவே வாறன். கப்பித் தூணில இருந்து அளந்து உங்கட கையில எடுத்துத் தாறன்.”

கள்ளனையே கூட்டிக்கொண்டு போய்க் களவு போன இடத்தைக் காட்டச் சொல்வதோ என்று கேட்டேன். அவன் அக்காவைப் பார்த்தான். உன் அம்மா, “தம்பி எடுக்கமாட்டான், எனக்குத் தெரியும்” என்றாள். அது ஒன்றுதான் அவள் சொன்னது. அதற்கு நான், இந்தப் படலைக்குள் இனிக் கால் வைத்தால் என் வீட்டுப் படி ஏறாதே என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னோடு பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு செத்த நாள் வரைக்கும் தன் தம்பியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. நான் பார்க்க விடவில்லை.

அவள் போன கதை உனக்குத் தெரியும், உனக்குப் பதினாறு வயது. ஆனால் அடக்கத்தன்று சேமக்காலையில் நடந்ததை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். சூசை எப்படியோ கேள்விப்பட்டு, சோதனைச் சாவடிகளில் நாள் முழுக்க நின்று வந்து சேர்ந்தான். வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. நான் போகவில்லை. உன்னை அனுப்பினேன். உள்ளே வரவேண்டாமாம் என்று அப்பா சொன்னவர், போய்ச் சொல்லு என்று உன் காதுக்குள் சொன்னேன். நீ போய்ச் சொன்னாய். அவன் உன் தலையைத் தடவிவிட்டு, கொண்டுவந்த மெழுகுதிரிப் பெட்டியை உன் கையில் தந்துவிட்டுத் திரும்பிப் போனான். அக்காவின் குழிக்கு ஒரு பிடி மண் போட அவனுக்கு நான் இடம் கொடுக்கவில்லை. அதைச் சொல்ல என் பிள்ளையின் வாயை எடுத்தேன். இதற்கு எந்தச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாலும் எனக்கு ஆறுதல் வராது.

இனிச் சொல்லப்போவதை நீ எதிர்பார்த்திருக்கமாட்டாய். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அடுத்த காலை, நீ பள்ளிக்கூடம் போய்விட்டாய். நான் கிணற்றடியில் குந்தியிருந்தேன். கப்பித் தூண் என் முதுகுப் பக்கம். அவள் உயிரோடு இருந்தவரை அதை அளப்பது அவளிடம் தோற்பது என்று நினைத்தேன். இப்போது தோற்பதற்கு எனக்கு ஆள் இல்லை. எழும்பி, வலைக்கயிற்றில் அடி குறித்து, கோயிலைப் பார்த்துப் பதினேழு அடி அளந்தேன். மண்வெட்டி நாலாம் வெட்டிலோ ஐந்தாம் வெட்டிலோ தகரத்தில் பட்டது. நான் மூன்று கிழமை தோண்டிய இடம் அங்கிருந்து கடல் பக்கமாக முப்பது அடிக்கு மேல் தள்ளியிருந்தது.

டின் துருப்பிடித்திருந்தது. படம் ஈரம் குடித்து வெள்ளையாகப் போயிருந்தது. கொடியும் மோதிரங்களும் அப்படியே இருந்தன. கொடியின் கண்ணிகளுக்குள் மணல் ஏறியிருந்தது. நான் அங்கேயே இருந்து, அவள் பெயரைச் சொல்லி அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு டின்னைக் கொண்டுபோய் றங்குப்பெட்டியின் அடியில், என் பழைய சாரங்களுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். பின்னேரம் நீ வந்து, ஏன் அப்பா கண் சிவந்திருக்கு என்று கேட்டாய். புகை என்றேன்.

அன்றைக்கே ஓடிப்போய் அவன் காலில் விழுந்திருக்கவேண்டும். இன்றைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று இருந்தேன். பாஸ் கிடைக்காது, பாதை பூட்டியிருக்கிறது என்று சாட்டுச் சொல்ல அப்போது நிறையக் காரணம் இருந்தது. நாட்டுச் சண்டை எனக்கு நல்ல தோதாகப் போயிற்று. இரண்டு வருசத்தில் நீ வெளிநாடு போனாய், மனதில் மாமா கள்ளன் என்ற கதையோடு. இப்போது பாதை திறந்து பஸ் ஓடுகிறது. உன் கல்யாணப் பேச்சுக்காக நான் இரண்டு தரம் கொழும்புக்குப் போய் வந்தேன். இரண்டு தரமும் பஸ் முருங்கன் சந்தியில் தேத்தண்ணிக்கு நின்றது. நான் இறங்கவில்லை. ஒரு தரம் அவன் சைக்கிளில் சீமெந்துப் பை கட்டிக்கொண்டு போகக் கண்டேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. பஸ்ஸுக்குள் என்னைக் கண்டு கையைத் தூக்கினான். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல இருந்தேன். செருப்புக்கு வாரே இல்லை.

நீ என்னோடு கோபித்தால் நியாயம். பேசாமல் விட்டாலும் நியாயம். ஆனால் மாமாவுக்கு ஒரு கடிதம் எழுது. கல்யாணத்துக்கு வரச் சொல்லி உன் கையால் எழுது, என் சார்பில் ஒன்றும் எழுதாதே. சேமக்காலை வாசலில் சொன்ன சொல்லுக்காக நீ மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. அது என் சொல், உன் வாயில் போட்டு அனுப்பினேன், அவனுக்கும் அது தெரியும். உன் வீட்டுக்கு வரப்போகிற பிள்ளையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் என்றைக்காவது ஒருக்கா அளந்து பாருங்கோவன் என்று சொன்னால், கையிலிருக்கிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போய் அள. உன் கணக்குத்தான் சரியென்று உனக்கு நூறு வீதம் தெரிந்தாலும் போய் அள. பதினேழு அடி நடக்க எவ்வளவு நேரம் எடுக்கும், மகன்? எனக்கு அதற்கு நான்கு வருசம் எடுத்தது, அதற்குள் உன் அம்மா போய்விட்டாள்.

நான் வருகிற கிழமை வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வெளிக்கிடுகிறேன். தாலி, கூறை, அழைப்பிதழ், அம்மாவின் செபப் புத்தகம் எல்லாம் ஒரு பையில். டின் தனியாக என் மடியில் இருக்கும். இந்த முறை முருங்கன் சந்தியில் இறங்குவேன். அவன் படலையில் நின்று, ரோட்டில் போகிற சனம் கேட்க, நீ எடுக்கவில்லை, பிழை என்னுடையது என்று சொல்லுவேன். நான் அவனைக் கள்ளன் என்றது ஊர் கேட்கத்தான், இதையும் ஊர் கேட்கவேண்டும். சொல்லிவிட்டு டின்னை அவன் கையில் கொடுப்பேன். பட்டியலில் கேட்ட அந்த நம்பிக்கையான ஆள் நம் குடும்பத்தில் அவன் ஒருவன்தான். அவன் வைத்துக்கொண்டாலும் சரி, என் முகத்தில் எறிந்தாலும் சரி, நான் திருப்பிக் கேட்கமாட்டேன். அது அவனுடைய அக்காவின் பொருள்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பஸ்ஸடியில் வந்து நில். மாமா அந்த டின்னோடு என் பக்கத்தில் இறங்கினால், நீ அதை அவன் கையிலிருந்து வாங்கு. படக்காரர் எல்லாச் சாமானையும் துடைக்கச் சொல்லியிருக்கிறார், அந்தக் கொடியை மட்டும் துடைக்காதே, மணல் அப்படியே இருக்கட்டும். நான் தனியே வெறுங்கையோடு இறங்கினால், என்னிடம் ஒன்றும் கேட்காதே. கல்யாணத்தன்று காலையில் யன்னலடியில் வெள்ளைத் துணி விரித்து எல்லாவற்றையும் பரப்பும்போது, அந்தக் கடைசி வரிக்குரிய இடத்தில் செபப் புத்தகத்தையும் வைக்கவேண்டாம். அந்த இடத்தை வெறுமையாக விட்டுப் படம் எடுக்கச் சொல்.

அப்பா